நகராத நகரங்கள்

மேசையில் மூன்று திரைகள்:
காற்று, எரிபொருள், வழி.
வந்தா விமான நிலையத்தின் பின்கட்டில் உட்கார்ந்து
விமானங்களுக்குப் பாதை போடுவது என் வேலை.

ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ
ஏழாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
ஒன்பதரை மணி நேரம்.
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன்,
அந்தப் பிப்ரவரிக் கடைசி வரை.

அன்றைக்குக் கிழக்கே வானத்தைச் சாத்திவிட்டார்கள்.
சத்தமே இல்லை.
திரையில் ஒரு சிவப்புக் கட்டம், அவ்வளவுதான்.
பிறகு நான் போட்ட பாதை
ஸ்வால்பார்டைத் தாண்டி, துருவத்தின் உச்சந்தலையில் ஏறி,
அலாஸ்காவுக்கும் சைபீரியாவுக்கும் நடுவே
ஊசிக்காதில் நூல்போல நுழைந்து இறங்கியது.
பன்னிரண்டாயிரத்துக்கு மேல்.
பதின்மூன்று மணி நேரம்.

இந்த நகரம் நகரவில்லை.
அந்த நகரமும் நகரவில்லை.

எங்கள் வீட்டில் இது வேறு கணக்கு.

அகிக்கு ஒன்பது வயது.
இரண்டு மொழியிலும் செல்லுபடியாகும் பெயராகத் தேடி வைத்தோம்,
சேர்ந்து தேடிய கடைசிப் பொருள் அது.
அவன் அப்பாவின் மொழியில் இலையுதிர்காலம் என்றும் அர்த்தம்.
வருடத்துக்கு மூன்று முறை
கழுத்தில் அட்டை தொங்க, துணையில்லாமல்,
மொரிஹிகோவிடம் போவான், வருவான்.

நீதிமன்றத் தாளில் ஐந்தாம் பத்தி:
கோடையில் இருபத்தெட்டு நாள்.
ஆறாம் பத்தி:
பயண நேரம் தந்தையின் கணக்கில்.
கையெழுத்துப் போட்ட அன்று
அது ஒன்பதரை மணி நேரமாக இருந்தது.

மொரிஹிகோ எழுதினான்:
போக மூன்றரை, வர மூன்றரை.
மூன்று பயணத்துக்கு இருபத்தொன்று.
ஒரு நாள்கூட முழுதாக இல்லை, தெரியும்.
ஆனாலும் அது என்னுடைய நாள்.

வானத்தை நான் சாத்தவில்லை, என்று எழுதினேன்.

பாதை போடுவது நீதானே, என்றான்.

அதை அழித்தேன். பிறகு
குப்பையிலிருந்து எடுத்து மறுபடி படித்தேன்.

அதற்குப் பிறகு அகி ஏறும் விமானங்களுக்கு மட்டும்
பின்காற்றைத் துழாவ ஆரம்பித்தேன்.
ஒரு மட்டம் ஏற்றி, அரை பாகை மேற்கே ஒதுக்கி,
கம்பெனிக்கு ஒரு காசு கூடாமல்.
டிசம்பரில் ஆறு நிமிடம்.
மார்ச்சில் பதினொன்று.
மொரிஹிகோவிடம் சொல்லவில்லை.
சொன்னால் கடனை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

போன மாதம் அகியின் அறையைப் பெருக்கினேன்.
அவனுடைய உலக உருண்டையில், ஊசி குத்தி,
இங்கிருந்து அங்கே ஒரு மஞ்சள் கம்பளி நூல்.
பழைய நூல்தான். எட்டவில்லை போலிருக்கிறது.
நீல நூல் ஒன்றைக் கட்டி நீட்டியிருந்தான்.
முடிச்சு துருவத்தில் விழுந்திருந்தது.

"இந்த நீலம் யாருக்கு?
அப்பா தனக்கு என்கிறார்."

"எனக்கு," என்றான்,
காலுறையைத் தேடிக்கொண்டே.

கோடையில் அங்கே ஜன்னலை மூடச் சொன்னார்களாம்.
விரற்கடை அளவு திறந்து வைத்தானாம்.
கீழே வெள்ளை. பக்கவாட்டில் வெயில்.
மணி என்ன என்று பணிப்பெண்ணைக் கேட்டிருக்கிறான்.
எந்த ஊர் மணி, என்றாளாம்.
"இந்த ஊர்."
அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு
புளூபெர்ரி ஜூஸ் கொடுத்துப் போயிருக்கிறாள்.

இன்று மாலை ஐந்தரைக்கு அவன் விமானம்.
எழுபத்தெட்டாம் பாகைக்கு மேலே
நல்ல காற்று அடிக்கிறது.
பதினான்கு நிமிடம் மிச்சம்பிடிக்கலாம், இதுவரை இல்லாத அளவு.

முதல்முறையாகக் கேட்டுக்கொள்கிறேன்,
யாருடைய பையிலிருந்து எடுக்கிறேன் என்று.

இரண்டு பாதையும் திரையில் கிடக்கின்றன.
கீழே இழுவை வண்டி
விமானத்தின் மூக்கைப் பிடித்துவிட்டது.
கேப்டன் இரண்டாம் முறை கேட்கிறார்:
வழி தயாரா?